பல்லைக் கடித்து ஓடும் பம்பரம்

பம்பரம் கையை விட்டுப் போன பிறகு அதற்கு உதவ யாரும் இல்லை. கயிறு கொடுத்த சுழற்சிதான் அதன் மொத்தச் சொத்து. அதில் தரை கொஞ்சம் தின்னும், காற்று கொஞ்சம் தின்னும், கடைசியில் தலையாடி விழும். சின்ன வயதில் பம்பரம் விட்ட எல்லோருக்கும் இது தெரியும். விட்டபின் நடுவழியில் வேகம் கூடிய பம்பரத்தை நம்மில் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

நான் பார்த்தேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், அகலமான பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கூடத்துத் தரையில் வைத்து அதற்குள் ஒரு பேபிளேடை ஏவினான். கொஞ்ச நேரம் அது நடுவில் சோம்பலாக வட்டமடித்தது. பிறகு ஓரத்துக்கு ஒதுங்கியது. ஓரத்தைத் தொட்டதும் ‘கர்ரக்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணம் சுவரை ஒட்டிப் பாய்ந்து, அரை வட்டம் கடந்து, நடுவில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்த இன்னொன்றை அடித்துக் கிண்ணத்தின் மூலைக்குத் தள்ளிவிட்டது.

“உள்ளே பேட்டரி இருக்காடா?”

“இல்ல மாமா. நீங்களே கழட்டிப் பாருங்க.”

கழற்றிப் பார்த்தேன். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, காந்தமும் இல்லை. வெளியிலிருந்து யாரும் தள்ளவும் இல்லை. அப்படியானால் அந்த வேகம் எங்கிருந்து வந்தது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் பின்னால்தான் போகப்போகிறோம். விடை கிடைத்தால், கடைக்காரர் எடுத்து வைக்கும் பத்துப் பம்பரங்களில் எது எதற்கு உதவும் என்பதும் தானே தெரிந்துவிடும்.

சங்கிலிருந்து கிண்ணம் வரை

ஜப்பானில் ‘பேகோமா’ என்றொரு பழைய பம்பரம் உண்டு. இதில் ‘பே’ என்பது ‘பை’ என்ற கடல் நத்தையின் பெயரிலிருந்து மருவியது. ‘கோமா’ என்றால் பம்பரம். அந்தச் சங்குக்குள் மணலை அடைத்து, கயிறு சுற்றி விட்டதில் தொடங்கிய ஆட்டம், பின்னாளில் வார்ப்பிரும்புக்கு மாறியது. நம் பம்பரத்துக்கு இருப்பதுபோல் ஆணி கிடையாது. குட்டையான கூம்பு, அவ்வளவுதான். வாளியின் வாய்மேல் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் இரண்டு பேர் ஆளுக்கொன்று விடுவார்கள். வெளியே தெறித்ததோ முதலில் நின்றதோ தோற்றது. தோற்ற பம்பரம் ஜெயித்தவனுக்கு.

நம் ஊர் ஆட்டத்தில் வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்தின்மேல் ஆணியை இறக்கி ஆக்கர் வைப்போம். அடி வாங்குவது சும்மா கிடக்கும். பேகோமாவில் இரண்டுமே சுழலும். சுழற்சியும் சுழற்சியும் மோதும். வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆட்டத்தின் கணக்கே இதில் மாறிவிடுகிறது. ஜப்பானியச் சிறுவர்கள் பேகோமாவை அரத்தில் ராவி ராவி உயரத்தைக் குறைப்பார்கள். தாழ்வாக இருப்பது எதிராளியின் அடிவயிற்றில் இடித்துத் தூக்கிவிடும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

1999இல் டகாரா நிறுவனம் இந்த ஆட்டத்தைப் பிளாஸ்டிக்கில் புதுப்பித்து, பேகோமாவின் ‘பே’யைப் பெயரில் வைத்துக்கொண்டது. அதுதான் பேபிளேட். 2006இல் டகாராவும் டோமியும் ஒன்றாகி டகாரா டோமி ஆயின. 2008இல் உலோகச் சக்கரம் வைத்த தலைமுறை வந்தது. 2015இல் வந்தது பர்ஸ்ட். அடி விழ விழப் பூட்டு நழுவி, கடைசியில் பம்பரமே துண்டு துண்டாகச் சிதறும். 2023 ஜூலையில் ஜப்பானில் வெளியானது பேபிளேட் எக்ஸ். என் கையில் இருந்தது இந்தக் கடைசித் தலைமுறை.

பெயரிலேயே ஜாதகம்

முதல் பெட்டியில் வந்த பம்பரத்தின் பெயர் டிரான் சோர்ட் 3-60எஃப். வாய்ப்பாடு மாதிரி தெரியும் இந்தப் பெயரில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. டிரான் சோர்ட் என்பது மேலே இருக்கும் உலோகத் தகடு. கனமெல்லாம் இதில்தான், அடிப்பதும் இதுதான். 3-60 என்பது அதன் கீழே பூட்டும் நடுத்துண்டு. அதில் 3 புடைப்புகள், உயரம் 6.0 மில்லிமீட்டர். உயரம் 80 என்று போட்டிருந்தால் 8 மில்லிமீட்டர். அரத்தில் ராவிய சிறுவர்களின் வேலையை இங்கே ஓர் எண் செய்கிறது. கடைசி எழுத்து நுனியைச் சொல்கிறது. எஃப் என்றால் தட்டை, பி என்றால் உருண்டை, என் என்றால் ஊசி.

நுனியை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். தரையைத் தொடும் முனைக்குச் சற்று மேலே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்சக்கரம் இருக்கும். முந்தைய தலைமுறைகளின் நுனிகளில் இது இல்லை. கிண்ணத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். சீப்பின் பல்போல் சொரசொரவென்று ஒரு வரிசை தட்டுப்படும். எக்ஸ்ட்ரீம் லைன் என்று இதற்குப் பெயர். நாம் பல்வரிசை என்றே சொல்வோம். நம் கேள்வியின் விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

தட்டை ஓடும், ஊசி நிற்கும்

பல்வரிசைக்குப் போகுமுன் ஒரு படி. சுழல்வதும் ஓடுவதும் வேறு வேறு. ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு பம்பரங்களில் ஒன்று இருந்த இடத்திலேயே நிற்கும், மற்றொன்று கிண்ணம் முழுக்க அலையும். காரணம், நுனி தரையை எங்கே தொடுகிறது என்பது.

ஊசி நுனி அச்சின் நட்டநடுவில் தொடுகிறது. சுழலும் பொருளின் நடுப்புள்ளி நகர்வதே இல்லை. அதனால் தரையை உந்தவும் வழியில்லை. தட்டை நுனி கொஞ்சம் சாய்ந்தாலே அதன் விளிம்பு தரையைத் தொடும். விளிம்பு வேகமாக நகரும் இடம். அது தரையைப் பின்னால் தள்ள, பம்பரம் முன்னால் போகும். சைக்கிள் சக்கரம் செய்யும் அதே வேலை.

ஆனால் கிண்ணமும் பிளாஸ்டிக், நுனியும் பிளாஸ்டிக். பிடிப்பு குறைவு. சேற்றில் மாட்டிய லாரியின் சக்கரம்போல் நுனி வழுக்கிக்கொண்டே சுழலும். சுழற்சியில் கொஞ்சம்தான் ஓட்டமாக மாறும், மீதி வெறும் உராய்வில் வீணாகும். முந்தைய தலைமுறைகளில் தாக்கும் வகைப் பம்பரங்கள் சீக்கிரம் களைத்துப் போனதற்கு இதுதான் பெரிய காரணம். ரப்பர் நுனி வைத்துப் பார்த்தார்கள். பிடிப்பு கூடியது, ரப்பர் தேய்ந்தது.

வழுக்காத நுனி வேண்டும் என்றால் பல் வைப்பதைவிட எளிய வழி கிடையாது. பற்சக்கரத்துக்குப் பம்பரத்தின் கனமும் முக்கியமில்லை, கிண்ணத்தின் வழவழப்பும் முக்கியமில்லை. பல்லோடு பல் கோத்துவிட்டால் வழுக்க இடமே கிடையாது.

நூறு ரூபாய்க் கணக்கு

இப்போது கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். சமன்பாடு வேண்டாம், ரூபாய்க் கணக்கே போதும்.

எடை 40 கிராம், அகலம் 48 மில்லிமீட்டர், நுனிப் பற்சக்கரத்தின் ஆரம் 5 மில்லிமீட்டர், நொடிக்கு 50 சுற்று என்று ஒரு பம்பரத்தை வைத்துக்கொள்வோம். கனம் வட்டு முழுதும் சமமாகப் பரவியிருக்கிறது. அசல் பம்பரங்கள் இந்த எண்களிலிருந்து கொஞ்சம் முன்பின் இருக்கும். கணக்கின் போக்கு மாறாது.

பற்சக்கரத்தின் சுற்றளவு 31 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. பல்வரிசையில் கோத்தபின், ஒவ்வொரு சுற்றுக்கும் பம்பரம் அவ்வளவு தூரம் நகர்ந்தே தீரவேண்டும். நொடிக்கு 50 சுற்று என்றால் நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல்.

ஆனால் ஓரத்தில் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருந்த 40 கிராமை ஓடவைக்க யாராவது தள்ள வேண்டுமே. பல்வரிசை தள்ளுகிறது. பம்பரத்தை முன்னால் தள்ளும் அதே பல், சுழலும் பற்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. ஓட்டம் ஏறுகிறது, சுழற்சி இறங்குகிறது. சுழற்சிக்கும் ஓட்டத்துக்கும் கணக்கு ஒத்துப்போகும் இடத்தில் இழுபறி முடிகிறது. அந்த இடம் எங்கே? சுழற்சி நொடிக்கு 46 சுற்று; ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 1.44 மீட்டர்.

ஆக, வேகம் வெளியிலிருந்து வரவில்லை. பம்பரம் தன் சொந்தச் சுழற்சியை விற்று ஓட்டத்தை வாங்கியது.

என்ன விலைக்கு? ஏவியபோது இருந்த சுழல் ஆற்றலை 100 ரூபாய் என்று வையுங்கள். சுழற்சி 50இலிருந்து 46க்கு வந்தது, நூற்றுக்கு 8 குறைவு. ஆற்றல் சுழற்சியின் வர்க்கத்தோடு போவதால் அதில் விழும் வெட்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு: 15 ரூபாய். இந்த 15இல் ஓட்டத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது 7 ரூபாய் சொச்சம். மிச்சம் கிட்டத்தட்ட 8 ரூபாய், கோத்த கணத்தில் சத்தமாகவும் சூடாகவும் பல்லின் தேய்மானமாகவும் போய்விட்டது. நான் கேட்ட ‘கர்ரக்’ அந்த 8 ரூபாயில் ஒரு சில்லறை. கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி உதறுகிறதே, அதுவும் இதே இழப்புதான்.

பம்பரம் ஏற்கெனவே கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தால் இழப்பு குறையும். ஒவ்வொரு மோதலிலும் நின்று நின்று மறுபடி பாய்ந்தால்? ஐந்து தடவை அப்படிப் பாய்ந்ததும் 50 சுற்று 33க்கு வந்துவிடும். கையில் 43 ரூபாய்தான் மிஞ்சும். ஆறாவது பாய்ச்சலின் வேகமும் அதற்கேற்பக் குறைந்திருக்கும். தாக்கும் பம்பரத்துக்கு முதல் சில நொடிகள்தான் வாழ்வு என்பது இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது.

ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் என்ன ஆகிவிடும்?

நொடிக்கு 1.44 மீட்டர் என்பது மணிக்கு 5 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். காலையில் கைவீசி நடப்பவரின் வேகம். இதற்கா 15 ரூபாய்?

இந்தக் கேள்வி என்னைச் சில நாள் படுத்தியது. ஏனென்றால் பம்பரத்தின் வெளிவிளிம்பு ஏற்கெனவே இதைவிடப் பலமடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நம் பம்பரத்தின் விளிம்பு வேகம் நொடிக்கு 7.5 மீட்டர். ஒரே பக்கம் சுழலும் இரண்டு பம்பரங்கள் உரசும்போது, தொடும் இடத்தில் ஒன்றின் விளிம்பு முன்னாலும் மற்றதன் விளிம்பு பின்னாலும் போகும். இரண்டையும் கூட்டினால் மணிக்கு 54 கிலோமீட்டர். நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகத்தில் உலோகமும் உலோகமும் சந்திக்கின்றன. (கிண்ணத்துக்கு நேர் மேலே குனிந்து பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.) இவ்வளவு இருக்கும்போது நடைவேகம் எதைக் கூட்டிவிடும்?

விடை, ‘கடி’யில் இருக்கிறது. தாக்கும் தகட்டில் மூன்று கூர்மையான புடைப்புகள் இருப்பதாக வைப்போம். நொடிக்கு 46 சுற்றில், ஒரு புடைப்பு போய் அடுத்தது அதே இடத்துக்கு வர நொடியில் ஆயிரத்தில் 7 பங்கு ஆகும். அந்த இடைவெளிக்குள் பம்பரம் எதிராளியை நோக்கி எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவு ஆழத்துக்குத்தான் அடுத்த புடைப்பு அதைக் கடிக்க முடியும். மெதுவாக, நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் கடி 3 மில்லிமீட்டர்கூட இல்லை. புடைப்பின் முனை உரசி நழுவிவிடும். நடைவேகத்தில் போனால் கடி 10 மில்லிமீட்டர். புடைப்பு முழுசாக உள்ளே இறங்குகிறது. அதற்கப்புறம் 54 கிலோமீட்டர் வேகமும் எதிராளியின்மேல் இறங்க வழி திறந்துவிடுகிறது.

ஓட்டம் அடிப்பதில்லை, அடி நழுவாமல் விழும்படி பார்த்துக்கொள்கிறது. தாக்கும் தகடுகளில் புடைப்புகள் குறைவாகவும் பெரிதாகவும் இருப்பதன் காரணமும் இதுவே. புடைப்பு கூடக் கூட இடைவெளி குறையும், கடி ஆழமிழக்கும். தாங்கும் வகைத் தகடுகள் வட்டமாக வழவழவென்று இருப்பது, கடிக்க இடம் கொடுக்காமல் இருக்கத்தான்.

எதிர்ப்பக்கம் சுழலும் பம்பரம் வந்தால் கதை தலைகீழ். 2024இல் வந்த கோபால்ட் டிராகூன் அப்படிப்பட்டது. மற்றவை வலப்பக்கம் சுழல, அது இடப்பக்கம் சுழலும். தொடும் இடத்தில் இரண்டு விளிம்புகளும் ஒரே திசையில் போவதால் மோதல் மென்மையாகிவிடும். கோத்த இரண்டு பற்சக்கரங்கள்போல் உரசி, வேகமானது தன் சுழற்சியைக் களைத்ததற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

கனம் எங்கே இருக்கிறது?

இதுவரை கனம் வட்டு முழுதும் பரவியிருப்பதாக வைத்தோம். அதே 40 கிராமை முழுக்க வெளிவிளிம்புக்குத் தள்ளினால்? அதே 50 சுற்றுக்குப் பெட்டியில் 100 ரூபாய்க்குப் பதில் 200 ரூபாய் இருக்கும். விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராமும் நடுவில் உள்ளதைவிட வேகமாகப் போகிறது என்பதால் வரும் லாபம் இது. சுழல்வதை நிறுத்த மறுக்கும் இந்தக் குணத்தைப் பாடப்புத்தகம் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. சுழல்பிடிவாதம் என்று சொன்னால் மனதில் நிற்கும்.

பிடிவாதக்காரப் பம்பரம் பாய்ச்சலுக்கும் குறைவாகவே விலை கொடுக்கிறது. நம் கணக்கையே மறுபடி போட்டால் 50 சுற்று 46க்கு இறங்காமல் 48இலேயே நின்றுகொள்ளும். அடி வாங்கினாலும் அப்படித்தான், லேசில் களைக்காது. ஏவும்போது கை கூடுதலாக உழைக்க வேண்டும் என்பது மட்டுமே இதன் செலவு. 2024இல் வந்த விசார்ட் ராட் உலோகத்தை வெளிவட்டத்தில் குவித்து வைத்து, இப்படி நின்று களைக்கவைக்கும் ஆட்டத்துக்குப் பேர்போனது. எடை எவ்வளவு என்று மட்டும் பார்த்து வாங்குபவர்கள் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

எது நல்ல பம்பரம்?

போட்டி விதியைப் பார்த்தால் வடிவமைத்தவர்களின் மனது தெரியும். எதிராளி முதலில் நின்றுபோனால் 1 புள்ளி. கிண்ணத்தின் ஓரத்தில் உள்ள பக்கவாட்டுப் பள்ளத்தில் தள்ளினால் 2. சிதறடித்தால் 2. அதே ஓரத்தின் நடுப்பள்ளத்தில் வீழ்த்தினால் 3. முதலில் 4 புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. நின்று ஜெயிக்கும் பம்பரம் நான்கு தடவை ஜெயிக்க வேண்டும். தாக்கும் பம்பரத்துக்கு இரண்டு தடவை போதும். பாய்ச்சலில் இழக்கும் ரூபாயை விதி புள்ளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தத் தலைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சமன்செய்தல்தான். 

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புதுமை பம்பரத்தில் பாதிதான், மறுபாதி கிண்ணத்தில். பல்வரிசை இல்லாத கிண்ணத்தில் விட்டால், நுனியில் உள்ள பற்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பழைய தலைமுறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கையிருப்புப் பணத்தில் மூன்று பம்பரமா, ஒரு பம்பரமும் பல்வரிசைக் கிண்ணமுமா என்று வந்தால் கிண்ணத்தை வாங்குங்கள்.

கடைசியாக அக்கா மகனோடு நடந்த வாதம். “இதுதான் மாமா பெஸ்ட், பத்துக்கு ஏழு ஜெயிச்சிருக்கு” என்றான். பத்துக்கு ஏழு பெரிய வெற்றியாகத்தான் தெரிகிறது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பம்பரங்களைப் பத்து ஆட்டம் மோதவிட்டால், ஏதாவது ஒன்று ஏழோ அதற்கு மேலோ ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 34. காசு சுண்டிப் பார்க்கும் கணக்குதான் இது. மூன்றில் ஒரு தடவை, எந்தத் தகுதியும் இல்லாமலே ஒரு பம்பரம் ‘பெஸ்ட்’ ஆகிவிடும். நூறு ஆட்டத்தில் எழுபது ஜெயித்தால் பேச்சு வேறு. ஒரே மாதிரியான இரண்டுக்குள் அப்படி நடப்பது பத்தாயிரத்தில் ஒரு தடவைகூட அரிது.

அவன் ஒரு பழைய நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டான். இருபது ஆட்டத்துக்கு ஒருமுறை ஏவும் ஆளை மாற்ற வேண்டும் என்றும், இடம் வலம் மாற்றி நிற்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். அப்போதுதான் கையின் பலத்தைப் பம்பரத்தின் பலம் என்று எண்ண மாட்டோம். எந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்பதையும் எழுதினோம். இரண்டு சாயங்காலம் ஆனது நூறை எட்ட. அவனுடைய ‘பெஸ்ட்’ 54, மற்றது 46.

உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு போடுங்கள். நூறு ஆட்டம் முடியும்வரை எந்தப் பம்பரத்துக்கும் பட்டம் கொடுக்காதீர்கள்.